ஒரு நாள் தாங்காத பேட்டரி

ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மே மாதம். தறிக்கு நான்கு நாள் லீவு. பாட்டிக்கு இன்சுலின் வேண்டும், பேத்திக்குப் பால் வேண்டும். அதற்காகப் பின்சீட்டுக்குப் பக்கத்தில் 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்றை வைத்து, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் நாமக்கல்லில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். வழியில் வாங்கிய ஐந்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களும் ஃப்ரிட்ஜுக்குள் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாவியைத் திருப்பினால் டக் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி கிளம்பவில்லை.

அப்போது எல்லோருக்கும் வரும் கேள்வி இது. அத்தனை பெரிய டீசல் எஞ்சினையே சுழற்றிக் கிளப்புகிற பேட்டரி, ஒரு சூட்கேஸ் அளவுள்ள ஃப்ரிட்ஜை ஒரு நாள் தாங்காதா?

பேட்டரி மட்டம், டீலர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் முடிவு கட்டுவார்கள். அடுத்த தடவை இன்னும் பெரிய பேட்டரியாகப் பார்த்து வாங்குவார்கள். ஆனால் விடையைத் தேட வேண்டிய இடம் பேட்டரி அல்ல, ஃப்ரிட்ஜின் சுவர். அங்கே போவதற்கு முன்னால் எஞ்சின் எவ்வளவு தின்கிறது என்று பார்த்துவிடலாம்.

மூன்று விநாடியும் ஒரு நாளும்

டீசல் வேனைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் சுமார் 250 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சுமையில் 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். இரண்டையும் பெருக்கினால் 2,500 வாட். வீட்டு ஏ.சி. ஒன்றும் மிக்சி ஒன்றும் சேர்ந்து மின்சாரம் தின்னும் வேகத்தை நெருங்குகிறது இது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? நல்ல எஞ்சின் மூன்று விநாடியில் பிடித்துக்கொள்ளும்.

ஆற்றல் என்பது இந்த வேகத்தை நேரத்தால் பெருக்கியது. மின்சார பில்லில் வரும் ‘யூனிட்’ இதைத்தான் அளக்கிறது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வண்டிக்குள் யூனிட் பெரிய அளவு என்பதால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் வாட்-மணி. 2,500 வாட் மூன்று விநாடி ஓடினால் ஆவது வெறும் 2 வாட்-மணி.

எஞ்சினைக் கிளப்ப 2 வாட்-மணிதான். இந்த எண் பலருக்கும் வியப்பைத் தரும். செல்போன் பேட்டரி ஒன்றில் இருப்பதே 15 வாட்-மணிக்கு மேல்.

ஃப்ரிட்ஜ் மெதுவாகத் தின்கிறது, ஆனால் நிறுத்தாமல் தின்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க, அதற்குள் எவ்வளவு வெப்பம் நுழைகிறது என்று தெரிய வேண்டும்.

இறைப்பு

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது. ஊற்றுக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் போன்ற வேலை. இறைக்க இறைக்கச் சுவர் வழியே மீண்டும் ஊறும். கிணறு ஆழமானால் இரண்டு சங்கடங்கள் வரும். ஊற்று வேகமாகும். ஒவ்வொரு வாளியையும் தூக்கும் பாடும் கூடும். ஃப்ரிட்ஜுக்கு ஆழம் என்பது உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த ஒப்புமையிலிருந்தே இரண்டு சொற்களை எடுத்துக்கொள்கிறேன். சுவர் வழியே உள்ளே வரும் வெப்பத்தை ‘ஊறல்’ என்போம். ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவழித்து எத்தனை பங்கு வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது என்பதை ‘இறைப்பு விகிதம்’ என்போம். சிறிய கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு நம் ஊர் வெயிலில் இது ஏறக்குறைய ஒன்றரை. வெளியே குளுமையாக இருந்தால் இரண்டுக்குப் போகும். மூடிய வேன் வெயிலில் நின்றால் ஒன்றுக்கு இறங்கும்.

40 லிட்டர் ஃப்ரிட்ஜின் சுவர் நான்கைந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரை. வெளியே உள்ளே வித்தியாசம் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் வழியே ஏறக்குறைய 0.6 வாட் வெப்பம் ஊறும் என்று கொள்ளலாம். மலிவான பெட்டியானால் கொஞ்சம் கூடும், தடிமனான சுவரானால் குறையும்.

நாமக்கல் வாசலில் ஒரு நாள்

இப்போது அந்தச் சனி, ஞாயிறைக் கணக்குப் பார்க்கலாம். ஃப்ரிட்ஜுக்குள் 5 டிகிரி. பகல் பன்னிரண்டு மணி நேரமும் வண்டிக்குள் சராசரியாக 38 டிகிரி என்று வைப்போம். வேப்பமர நிழலில், கண்ணாடி இறக்கி நின்றால்தான் இந்த அளவு. வித்தியாசம் 33 டிகிரி. ஊறல் 20 வாட். பன்னிரண்டு மணி நேரத்தில் 240 வாட்-மணி வெப்பம் உள்ளே வந்துவிடும். இரவில் 29 டிகிரி. வித்தியாசம் 24. ஊறல் 14 வாட் சொச்சம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 170 வாட்-மணி. இரண்டும் சேர்த்து 410.

அடுத்தது தண்ணீர் பாட்டில்கள். ஐந்து லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி இறக்க ஒரு வாட்-மணிக்குச் சற்றுமேல் வெப்பத்தை எடுக்க வேண்டும். மொத்தம் 175. இது பெரும்பாலானவர்கள் யோசிக்காத செலவு. பகல் முழுக்கச் சுவர் வழியே ஊறியது 240 என்றால், அஞ்சு பாட்டில் தண்ணீர் ஒரே தடவையில் 175-ஐக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

மூடியைத் திறந்து மூடுவதற்கு 15 வைத்தால் போதும். மேல்பக்கம் திறக்கும் பெட்டியில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழேயே கிடக்கும், வழிந்து ஓடாது. வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தால் காலில் சில்லென்று படுகிறதே, அந்த நட்டம் இங்கே இல்லை.

ஆக மொத்தம் 600 வாட்-மணி வெப்பம். இறைப்பு விகிதம் ஒன்றரை என்பதால் செலவாகும் மின்சாரம் 400 வாட்-மணி. கம்ப்ரஸர் ஓடும்போது 45 வாட் இழுக்கும் என்றால், அது மணிக்கு 22 நிமிடம் போல ஓடி மற்ற நேரம் ஓய்வெடுத்திருக்கிறது.

400 வாட்-மணி என்றால் அரை யூனிட்கூட இல்லை. வீட்டில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அதே மின்சாரத்தில் எஞ்சினை இருநூறு முறை கிளப்பியிருக்கலாம். சூட்கேஸ் அளவுள்ள ஃப்ரிட்ஜ் எஞ்சினை எப்படித் தோற்கடித்தது என்பதற்கு இதுதான் விடை.

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண்

பேட்டரிக் கடையில் ‘80 ஏ.எச்.’ என்று சொல்வார்கள். ஆம்பியர்-மணி என்பதன் சுருக்கம். 4 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்று பொருள். வோல்ட்டால் பெருக்கினால் 960 வாட்-மணி. அப்படியானால் நம் ஃப்ரிட்ஜை இரண்டு நாளுக்கு மேல் ஓட்டியிருக்க வேண்டுமே?

மூன்று காரணங்களால் ஓட்டவில்லை. முதலாவது, மூன்று வருடம் ஓடிய பேட்டரி அந்த 80-ஐத் தராது. 50 கிடைத்தால் நல்லது. 600 வாட்-மணியில் 400 போனால் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாவது, அந்த மிச்சம் வெறும் அளவாகத்தான் இருக்கும். களைத்த பேட்டரி மெதுவாகக் கேட்டால் கொடுக்கும். 250 ஆம்பியரை ஒரே மூச்சில் கேட்டால் அதன் வோல்ட் சரிந்து விழும். டக் டக் என்று கேட்ட சத்தம், ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்சான சொலினாய்டு பிடிப்பதும் வோல்ட் சரிந்ததும் விட்டுவிடுவதுமாகத் தவித்ததால் வந்தது.

மூன்றாவது காரணம் பேட்டரியின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஈய-அமில பேட்டரியை 1859-இல் பிரான்ஸில் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். ஈயத் தகடு, ஈய ஆக்ஸைடு தகடு, நடுவே கந்தக அமிலம். இன்றும் அடிப்படை அதேதான். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றினால் சல்பேட் கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள் கணக்கில் கிடந்தால் அந்தச் சல்பேட் கெட்டிப் படிகமாகிவிடும். பிறகு கரையாது. தகட்டின் அந்தப் பகுதி செத்ததுதான்.

எஞ்சின் பேட்டரியில் தகடுகளை மெல்லியதாக, நிறைய அடுக்கியிருப்பார்கள். பரப்பு அதிகமானால்தான் 250 ஆம்பியரை ஒரே நேரத்தில் தர முடியும். மெல்லிய தகடு ஆழமாக இறங்கி ஏறுவதைத் தாங்காது. சில பத்து முறை அடிமட்டம் வரை இறக்கினாலே மேலே பூசிய பொருள் உதிர ஆரம்பிக்கும். எஞ்சின் பேட்டரியில் ஃப்ரிட்ஜை ஓட்டுவது, ஓடுகிற வரைக்கும் சரி என்று தோன்றும். ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுள் கரைந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது பேட்டரி எதுவாக இருக்கலாம்?

ஆகவே ஃப்ரிட்ஜுக்குத் தனி பேட்டரி. தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலம் பல வீடுகளுக்கு இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. அதோடு வந்த டியூபுலர் பேட்டரியை நாமெல்லாம் அறிவோம். அதன் தகடு தடிமனானது. ஆழமாக இறக்குவதற்கென்றே செய்யப்பட்டது. பாதிவரை இறக்குவதை வழக்கமாக வைத்துக்கொண்டால் வருடக் கணக்கில் உழைக்கும். 100 ஆம்பியர்-மணி என்றால் பாதி 600 வாட்-மணி. நம் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றரை நாள்.

குறை இல்லாமல் இல்லை. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் உயரமான 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஐம்பது கிலோவைத் தாண்டும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் அது சாய்ந்து அமிலம் சிந்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். மனிதர்கள் தூங்கும் மூடிய வேனுக்குள் அதற்கு இடமில்லை. வைத்தே ஆக வேண்டுமானால் வெளிக்காற்று படும் தனிப் பெட்டியில், இறுகக் கட்டி வைக்க வேண்டும்.

இன்னொன்று லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதே 100 ஆம்பியர்-மணி, எடை பன்னிரண்டு கிலோ சொச்சம். 1,280 வாட்-மணியில் பத்தில் ஒன்பது பங்கு வரை தாராளமாக எடுக்கலாம். மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். விலை கூடுதல். ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும்.

இந்த பேட்டரியின் பின்கதையில் ஒரு தமிழர் இருக்கிறார். தென் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, மதுரையிலும் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்தார். அன்று லித்தியம் பேட்டரிக்குக் கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தும் வழி தெரிந்திருந்தது. கோபால்ட் விலை உயர்ந்தது. சூடேறினால் ஆக்ஸிஜனை விட்டுவிடும், தீ பிடிக்கும். இரும்பு மலிவு. ஆனால் இரும்பு ஆக்ஸைடில் வோல்ட் போதாது. ஆக்ஸைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற கூட்டுத் தொகுதியில் இரும்பை வைத்தால் வோல்ட் உயரும் என்று இருவரும் காட்டினார்கள். அதே பாதையில் சென்ற குட்இனஃப் குழு 1997-இல் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. பாஸ்பரஸ் ஆக்ஸிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் சூட்டிலும் அது எளிதில் விடுபடாது. குட்இனஃபுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை வாசித்தவர் மந்திரம். இந்தப் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும்.

நாற்பது டிகிரி ஊரில் ஒரு எச்சரிக்கை மட்டும் போதும். லித்தியம் பேட்டரியை வெயில் அடிக்கும் தகரத்தை ஒட்டி வைக்காதீர்கள். அதிகச் சூட்டில் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையும். நல்ல பேட்டரியில் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் சார்ஜ் ஏறுவதையே நிறுத்திவிடும்.

மலிவான பேட்டரி பனிக்கட்டி

இங்கே மீண்டும் ஊறலுக்கு வருகிறேன். எந்த பேட்டரி என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, உள்ளே வரும் வெப்பத்தை எப்படிக் குறைக்கலாம் என்பது.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்கும். வீட்டிலேயே நான்கு ஒரு லிட்டர் பாட்டில்களை முழுதாக உறையவைத்துக் கிளம்பும்போது ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால், 370 வாட்-மணி வெப்பத்துக்கு அது ஈடு. நாமக்கல் கணக்கில் ஒரு நாள் முழுக்கச் சுவர் வழியே ஊறியது 410. கிட்டத்தட்ட அத்தனையையும் நான்கு பாட்டில் சமாளித்துவிடும். பேட்டரியில் 250 வாட்-மணி மிச்சம். ஒரு கிலோ டியூபுலர் பேட்டரி தரும் பயன் 20 வாட்-மணியைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு கிலோ பனிக்கட்டி மிச்சப்படுத்துவது அறுபதுக்கு மேல். உருகியதும் குடிக்கவும் செய்யலாம்.

உறையவைக்கும்போது பாட்டிலில் கொஞ்சம் இடம் விடுங்கள், தண்ணீர் உறைந்தால் விரியும்.

மின்சாரம் எட்டாத கிராமங்களின் தடுப்பூசி ஃப்ரிட்ஜ்களிலும் இந்த வழி நடைமுறையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஒரு வகை சோலார் ஃப்ரிட்ஜ், பகல் வெயிலில் பனிக்கட்டியை உறையவைக்கும். இரவு முழுக்க அந்தப் பனிதான் தடுப்பூசியைக் காக்கும். பேட்டரி பழுதாகிப் பழுதாகிச் சலித்த பிறகு கண்டடைந்த வழி அது.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்துவிட்டால் வீண், தூக்கிப் போட வேண்டியதுதான். பனிப் பாட்டிலோடு ஒட்டி வைக்காமல், துணி சுற்றி எதிர்மூலையில் வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் குப்பிக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயமில்லை. பெரும்பாலான வகைகள் 25 முதல் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை தாங்கும். நாமக்கல்லின் வறண்ட கோடையில் ஈர மண்பானையே அந்தக் குளுமையைத் தந்துவிடும். உங்கள் இன்சுலின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவை ஒரு முறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நிழலும் மலையும்

வேன் கண்ணாடி ஏற்றி வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரி சாதாரணம். வித்தியாசம் 45. ஊறல் 27 வாட். இறைப்பு விகிதம் ஒன்றுக்கு இறங்கிவிடுவதால் மின்சாரமும் 27 வாட். நிழலில் அதே ஃப்ரிட்ஜுக்கு 13 வாட்தான் தேவைப்பட்டது. நிற்கும் இடம் மாறியதும் செலவு இரட்டிப்பாகிவிட்டது.

அதே குடும்பம் மறுநாள் ஏற்காடு போகிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். வண்டிக்குள் இரவு பகல் சராசரி 24 டிகிரி என்று கொண்டால், ஊறல் 11 வாட் சொச்சம். ஒரு நாளுக்கு 275. அங்கே வாங்கிய ஐந்து லிட்டர் தண்ணீரும் 24 டிகிரியில்தான் இருக்கும், அதைக் குளிர்விக்க 110. மூடி திறப்பதையும் சேர்த்து 400 வாட்-மணி வெப்பம். இறைப்பு விகிதம் இரண்டு. மின்சாரம் 200. சமவெளியில் கேட்டதில் சரிபாதி. குளிர்நாட்டில் அச்சிட்ட விளம்பரத் தாளில் ‘ஒரு பேட்டரிக்கு மூன்று நாள்’ என்று இருந்தால், அது எந்த ஊர் மூன்று நாள் என்று கேட்டுத்தான் நம்ப வேண்டும்.

சோலார் பலகை வைப்பவர்களுக்கு இங்கே ஒரு இழுபறி. பலகைக்கு வெயில் வேண்டும், ஃப்ரிட்ஜுக்கு நிழல் வேண்டும். 100 வாட் பலகை சேலத்துக் கோடையில் ஒரு நாளைக்கு 350 வாட்-மணி போலக் கொடுக்கும். சூடேறிய பலகை குறைவாகத்தான் தரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 150 வாட் இருந்தால் நம் ஃப்ரிட்ஜின் நாள் செலவை ஈடுகட்டிவிடும். ஆனால் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி பாதிக்கும் கீழே போகும். வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி, மடக்குப் பலகையை நீண்ட வயரில் வெயிலுக்குக் கொண்டுபோவது நல்ல ஏற்பாடு. கூரையில் பொருத்தினால் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே காற்று புகும் இடைவெளி விடுங்கள். பலகையும் குளிரும், கூரைக்கும் நிழல் கிடைக்கும்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

‘கார் ஃப்ரிட்ஜ்’ என்று மூவாயிரம், நாலாயிரத்துக்குக் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் கம்ப்ரஸர் இல்லாதவை. இரண்டு வேறு பொருள்களின் சந்திப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும் என்று 1834-இல் ஜான் பெல்ட்டியே கண்ட விளைவை வைத்து இயங்குபவை. வெளிச்சூட்டிலிருந்து இருபது டிகிரி போல இறக்கும், அதற்கு மேல் முடியாது. 40 டிகிரி மதியத்தில் உள்ளே 20 டிகிரிதான். இன்சுலினை நம்பி வைக்க முடியாது. 48 வாட் பெட்டி நிறுத்தாமல் ஓடினால் ஒரு நாளைக்கு 1,150 வாட்-மணி. கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜைப் போல மூன்று பங்கு மின்சாரம், அரைகுறைக் குளிர். வாங்காதீர்கள்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக்கி, அதிலிருந்து அடாப்டர் வழியாக மீண்டும் 12 வோல்ட்டாக்குவதும் வேண்டாம். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே பத்து வாட் போலத் தின்னும். ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. ஃப்ரிட்ஜ் செலவில் பாதிக்கு மேல் ஒன்றுமே செய்யாமல் போய்விடும்.

அடுத்தது வயர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் போகும் வயர் மெலிதானது. 1 ஸ்கொயர் எம்.எம். வயரில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினால் 4 ஆம்பியரில் முக்கால் வோல்ட் போல வழியிலேயே கரையும். பேட்டரியில் 12.2 இருக்கும், ஃப்ரிட்ஜுக்கு 11.5 தான் தெரியும். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தானே நின்றுவிடும். பேட்டரியிலிருந்து நேராக 4 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்தால் இழப்பு நாலில் ஒரு பங்காகும். அந்த வயர் தொடங்கும் இடத்திலேயே, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள், 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தாக வேண்டும். வயர் எங்காவது தகரத்தில் உரசி அறுந்தால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் கொட்டும். வண்டி தீப்பிடிக்க அது போதும்.

இரண்டு பேட்டரிகளையும் எஞ்சின் ஓடும்போது இணைத்து, நின்றதும் பிரித்துவிட ஒரு ரிலே வேண்டும். புதிய பி.எஸ்.-6 வண்டிகள் பலவற்றில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தன் வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கும். அங்கே ரிலே போதாது, டி.சி.-டி.சி. சார்ஜர் வைக்க வேண்டும்.

லாரிக்காரர்களுக்கு

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்களில் பலர் வேனைவிட லாரியை நினைத்துக்கொண்டு படித்திருப்பார்கள். போர்வெல் ரிக் வண்டியோடு மாதக் கணக்கில் வடக்கே போகிறவர்களுக்கும், டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கும் கேபினில் ஒரு ஃப்ரிட்ஜ் சொகுசு அல்ல. சர்க்கரை நோயோடு ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவர்கள் நிறையப் பேர்.

லாரியில் மின்சாரம் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். 12 வோல்ட் ஃப்ரிட்ஜுக்கு அந்த இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பது நம் பக்கம் சகஜம். பாட்டுப் பெட்டிக்கு அப்படித்தானே இழுத்தோம் என்பார்கள். பாட்டுப் பெட்டி தின்பது கொஞ்சம். ஃப்ரிட்ஜ் அப்படியல்ல. ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரிக்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்பும். ஃப்ரிட்ஜ் குடித்த பேட்டரி நிறையாமலே இருக்கும், அதன் தகடுகளில் சல்பேட் கெட்டிப்படும். மற்றது நிறைந்த பிறகும் ஏறிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். ஒன்று பட்டினியிலும் மற்றொன்று அதிகத்திலுமாக இரண்டும் சீக்கிரம் போய்விடும்.

24 வோல்ட்டில் நேரடியாக ஓடும் ஃப்ரிட்ஜ்தான் லாரிக்கு ஏற்றது. சிறிய டி.சி. கம்ப்ரஸர்களில் பல 12, 24 இரண்டிலும் தாமாகவே மாறிக்கொண்டு ஓடும். வாங்கும்போது பின்புறத் தகட்டில் 12/24 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு பேட்டரியிலிருந்தும் சேர்த்து எடுத்து 12-ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் போட்டுவிடுங்கள்.